நடுவழியில் நிற்கும் மொபெட்: விவசாயியே சரிசெய்யக்கூடிய கோளாறுகள்

அதிகாலையில் கறந்த பாலைக் கேனில் ஊற்றி, மொபெட்டின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குப் புறப்படுகிறார் ஒரு விவசாயி. சங்கம் நான்கு கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. பாதி வழியில், வாய்க்கால் மதகின் அருகே, வண்டி இரண்டு முறை திக்கித் திணறி நின்றுவிடுகிறது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். கேனில் உள்ள பால் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. குளிரூட்டாத பாலில் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே பல மடங்கு பெருகிவிடும். சங்கத்தில் பால் எடுக்கும் நேரம் முடிந்தால் அன்றைய காலைக் கறவை வீண்தான். ஒர்க்ஷாப் திறக்கவோ ஒன்பது மணியாகும்.

இப்படி நிற்கும் வண்டிகள் பலவற்றில் பெரிய கோளாறு எதுவும் இருப்பதில்லை. பெட்ரோல், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றில் ஒன்று தடைப்பட்டிருக்கும், அவ்வளவே. கிணற்று மேட்டில் டீசல் எஞ்சின் 'ஏர்' பிடித்தால் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி ஓட்டத் தெரிந்த விவசாயி, அதைவிட எளிய மொபெட் நின்றால் மட்டும் மெக்கானிக்கைத் தேடுவது ஏனென்று தெரியவில்லை.

முதலில் தம் வண்டி எவ்வகை என்பதை அறிதல் வேண்டும். 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும், அதன் பின் வந்த எக்ஸ்.எல். வண்டிகளும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. இவற்றுக்குப் பெட்ரோலோடு 2டி ஆயிலைக் கலக்க வேண்டும். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. இதற்கு எஞ்சின் ஆயில் தனியே எஞ்சினுக்குள் இருக்கும். 2020க்குப் பின் வந்தவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்சாரத்தால் இயங்கும் பெட்ரோல் ஊசி முறை உள்ளது. அண்ணன் வீட்டுப் பழைய வண்டிக்கு ஊற்றுவதைப் போலவே தம்பி தன் புதிய வண்டியின் பெட்ரோலிலும் 2டி ஆயிலை ஊற்றுவது கிராமங்களில் காணக்கூடிய தவறு. அதனால் புகையும் கரியும்தான் கூடும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் கலக்காமல் ஓட்டுவதோ இதைவிடக் கேடு. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோல் வருகிறதா?

வண்டி நின்றதும் டேப் திறந்துள்ளதா, ரிசர்வில் வைக்க வேண்டிய நிலையா என்று பார்க்கவும். சிறிது தூரம் நன்றாக ஓடி, பின் நின்று, சற்று நேரம் கழித்துத் தானே மீண்டும் ஓடினால் டாங்க் மூடியில் ஐயம் கொள்ளலாம். மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துவாரம் உண்டு. சேறோ உரத்தூளோ அதை அடைத்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்து மூடியதும் வண்டி கிளம்பினால் கோளாறு அதுவேதான். ஒரு குண்டூசி போதும்.

மழைக்காலத்தில் தண்ணீர்தான் முதல் எதிரி. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் தன்மையுடையது. சிறிதளவு தண்ணீர் சேர்ந்தால் கலந்துகொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போவது அந்த அடிப்பகுதிதான். கார்புரேட்டர் உள்ள வண்டியில் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு ஸ்க்ரூவைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்க்கலாம். அடியில் வேறு அடுக்காகத் தெரிந்தால் டாங்கையே வடித்துக் காலி செய்வதுதான் வழி. எஞ்சின் ஆறிய பிறகே இதைச் செய்யவும். பீடி, சிகரெட் அருகில் இருத்தல் ஆகாது. வண்டியை மழையில் நிறுத்த நேர்ந்தால் டாங்க் மூடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கட்டிவைப்பதில் செலவொன்றும் இல்லை. பழைய வண்டியின் ரப்பர்க் குழாய் வெடித்துள்ளதா, உப்பியுள்ளதா என்றும் அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

பெட்ரோல் ஊசி முறை உள்ள வண்டியில் மேற்கூறிய ஸ்க்ரூ வேலை எதுவும் கிடையாது. அதில் பாட்டரி சக்தியிழந்தாலே வண்டி கிளம்பாமல் போகலாம். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு நிலையாக எரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுவதே சரி. டாங்க் வற்றும்வரை ஓட்டுவதும் கூடாது. பெட்ரோலை ஏற்றும் மின் பம்பு அந்தப் பெட்ரோலாலேயே குளிர்ச்சியடைகிறது.

பிளக் சொல்லும் செய்தி

நெல் இலையின் நிறத்தைப் பார்த்துத் தழைச்சத்தின் அளவை அறிவது போல, பிளக்கின் முனையைப் பார்த்து எஞ்சினின் நிலையை அறியலாம். முனை செங்கல் நிறமாகவோ இளம் பழுப்பாகவோ இருந்தால் எல்லாம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் வரவில்லை என்று கொள்ளலாம். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இரு முனைகளுக்கும் இடையே கரித்துகள் ஒன்று பாலம்போல் ஒட்டிக்கொள்வது சாதாரணம். கத்தி முனையால் அதைத் தட்டிவிட்டால் வண்டி கிளம்பிவிடும்.

தீப்பொறியைச் சோதிக்கப் பிளக்கைக் காப்பில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சின் மேல் படும்படி வைத்து உதைக்கும் வழக்கம் உண்டு. நீலப்பொறி தெறித்தால் நல்லது. ஆனால் பிளக் துவாரத்துக்கு அருகில் வைத்தாலோ, பெட்ரோல் கசிந்திருந்தாலோ தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது. ஊசி முறை வண்டிகளில் இதைச் செய்யவே வேண்டாம். இதற்கெல்லாம் பதிலாக ஓர் உதிரி பிளக்கை எப்போதும் வண்டியில் வைத்திருந்து மாற்றிப் பார்ப்பதே உத்தமம். அதன் விலை இரண்டு மூன்று லிட்டர் பாலின் விலைதான்.

புதிய பிளக்கை முதலில் கை விரலாலேயே திருக வேண்டும். எஞ்சின் தலை அலுமினியத்தால் ஆனது. ஸ்பானரை வைத்துக் கோணலாக முறுக்கினால் மரை போய்விடும். நூறு ரூபாய் வேலை ஆயிரக்கணக்கில் முடியும்.

அறுவடைத் தூசியும் உர மூட்டையும்

ஊருக்குள் ஓடும் வண்டிக்கும் வயல் வரப்பில் ஓடும் வண்டிக்கும் பராமரிப்பு ஒன்றல்ல. கதிரடிக்கும் பருவத்தில் சாலையிலேயே தானியம் காயும். உமியும் தூசியும் காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். வண்டி இழுவை குறைந்து, கரும்புகை கக்கிப் பெட்ரோல் குடிப்பது இதனால்தான். ஃபோம் வடிகட்டியானால் சோப்பு நீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, சில துளி ஆயில் தடவிப் பொருத்த வேண்டும். காகித வடிகட்டியை நனைக்கக் கூடாது. தட்டித் தூசியை உதிர்க்கலாம். மிகவும் அடைத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் வேகம் கூடும் என்று சிலர் நம்புகின்றனர். கூடுவது பிஸ்டன் ரிங் தேய்மானமே.

பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. ஈரம் பட்டால் ரிம், ஸ்போக்ஸ், கேபிள் எல்லாவற்றையும் துருவாக்கும். மூட்டைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு இடுவதும், உரம் ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவுவதும் அவசியம். கழுவிய பின்னும், தண்ணீர் ஓடும் பாதையைக் கடந்த பின்னும் டிரம் பிரேக் சிறிது நேரம் பிடிக்காது. மெதுவாக ஓட்டி, பிரேக்கை இலேசாக அழுத்தி உலர்த்திய பிறகே வேகம் எடுக்க வேண்டும்.

செயினில் சேறும் வைக்கோலும் சேர்ந்து அரைக்கும். மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் துடைத்து, கியர் ஆயில் இடலாம். பழைய எஞ்சின் ஆயிலில் இரும்புத்தூள் இருப்பதால் அது வேண்டாம். எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைத்து விரல் இழந்தவர்கள் உண்டு. சக்கரத்தைக் கையால் சுற்றியே துடைக்க வேண்டும். நடுவில் சுமார் 2 முதல் 3 செ.மீ. தொய்வு இருக்கலாம். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடும்போதே கழன்றுவிடும்.

பஞ்சர் ஒட்டிய அன்றே மறுபடியும் காற்று இறங்கினால் ஒட்டியவர் மேல் குறை சொல்வதற்கு முன், டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கவும். சீமைக்கருவேல முள்ளின் ஒடிந்த நுனி அங்கேயே தங்கியிருக்கும். துணியில் அது சிக்கிக்கொள்ளும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும்.

45 கிலோ யூரியா மூட்டை இரண்டைப் பின்னால் அடுக்கினால் முன்சக்கரம் இலேசாகி ஹாண்டில் பேச்சைக் கேட்காது. கையேட்டில் கூறும் எடை, ஓட்டுபவரையும் சேர்த்தது என்பதை நினைவில் கொள்ளவும். ஒரு நடை கூடுதலாகப் போய்வருவதில் தவறில்லை. பசும்புல் கட்டை ஏற்றும்போது அது பின்விளக்கை மறைக்காமல் கட்ட வேண்டும். மாலை இருட்டில் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்குத் தெரிவது அந்தச் சிவப்பு வெளிச்சம் ஒன்றுதான்.

வண்டியில் எப்போதும் வைத்திருக்க வேண்டியவை: பிளக் ஸ்பானர், உதிரி பிளக், ஸ்க்ரூ டிரைவர், செயின் லாக் ஒன்று, சிறு துணி, குண்டூசி. இவற்றைப் பழைய டியூப் துண்டில் சுற்றி இருக்கைக்கு அடியில் கட்டிவைத்தால் மழையிலும் நனையாது.