பல்லியின் காலில் பசை இருக்கிறதா?

மேற்கூரையில் தலைகீழாக ஓடும் பல்லியின் காலில் பசை எதுவும் கிடையாது. பிறகு எப்படி விழாமல் ஓடுகிறது?

தென்கிழக்காசியாவில் 'தொக்கே, தொக்கே' எனக் கத்தும் பெரிய பல்லியை அமெரிக்க உயிரியலாளர் கெல்லர் ஆட்டம் குழுவினர் ஆராய்ந்தனர். அதன் ஒரு பாதத்தில் ஏறக்குறைய 5 இலட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. அவை சுவரை மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கிடையே வேன் டர் வால்ஸ் எனும் மெல்லிய ஈர்ப்பு உண்டாகிறது. தனியாக அது அற்பம்தான்; கோடிக்கணக்கில் சேர்ந்தால் பல்லியின் எடை எம்மாத்திரம்? தண்ணீர் ஒட்டும் பரப்பிலும் ஒட்டாத பரப்பிலும் மயிர் நன்றாகவே பிடித்ததால், ஈரம் காரணமல்ல என்று 2002இல் அவர்கள் காட்டினர்.

ஒட்டுவதைவிட விடுவதுதான் வியப்பு. பல்லி விரல் நுனியை மேல்நோக்கிச் சுருட்டுகிறது. மயிருக்கும் சுவருக்கும் இடையிலான கோணம் 30 பாகையைத் தாண்டியதும் பிடி தானே கழன்றுவிடுகிறது.

2003இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆண்ட்ரே கெய்ம் குழு, பிளாஸ்டிக் நுண்மயிர்களால் ஒரு நாடா செய்தது. அரை சதுர செண்டிமீட்டர் நாடாவில் 40 கிராம் ஸ்பைடர்மேன் பொம்மை ஒரு கையால் தொங்கியது! ஆனால் சில முறை ஒட்டி எடுத்ததும் மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன; நாடா பயனற்றுப் போனது. பல்லியின் மயிரோ நம் நகத்தைப் போல் கெரட்டினால் ஆனது. தூசி படிந்தாலும் நடக்க நடக்கத் தானே உதிர்த்துவிடுகிறது.