ஏட்டில் ஏறாத மெட்டு

எங்கள் புளியறைக்கு அருகிலுள்ள செங்கோட்டையில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் ஆவுடையக்காள் என்பர். இளமையிலேயே கைம்பெண்ணானவர்; திருவிசைநல்லூர் ஐயாவாளிடம் உபதேசம் பெற்று, வேதாந்தத்தைக் கும்மியாகவும் அம்மானையாகவும் பாடினார். தீட்டையும் எச்சிலையும் எள்ளி நகையாடிய அவர் துணிவை என்னென்பது! ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் நீராடிப் பொதிகை ஏறியவர் திரும்பவே இல்லையாம்.

அப்பாடல்களைக் காத்தவர்கள் புலவர்கள் அல்லர். நெல்லைச் சீமையின் அக்கிரகாரப் பெண்கள். தாய் பாட, மகள் கேட்டு மனனம் செய்தாள். பெருந்தொகுப்பாக அச்சேறியது 2002-இல்தான். சொல் பிழைத்தது, மெட்டு?

மேல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று. பின்லாந்தின் எர்க்கி மெலார்ட்டின் (1875–1937) இயற்றிய ஆறு சிம்பொனிகளும், அந்நாட்டுப் பேரிசையாளர் சிபேலியஸின் புகழ் நிழலில் நெடுங்காலம் மங்கிக் கிடந்தன. ஆயினும் இசைக்குறிப்பு தாளில் இருந்தது. பின்வந்தோர் அதைப் பார்த்து வாசித்து ஒலிப்பதிவு செய்தனர். கும்மிக்கு அந்த வசதி ஏது? குரலின் இழைவும் கைத்தட்டின் நடையும் பாடும் மூதாட்டியோடு போய்விடும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் ஆச்சியின் நடவுப் பாட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

நண்பர்களே, கைப்பேசி நம் எல்லோரிடமும் இருக்கிறது. பாடுபவர் தம் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும் முதலில் சொல்லட்டும். பிறகு இடையில் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதன் இரைச்சல் முதிய குரலை விழுங்கிவிடும்.