யன்னலைத் திறக்கும் முன்...



வீட்டுக்கு யன்னல் வைப்பது காற்றும் வெளிச்சமும் உள்ளே வருவதற்காகத்தான். ஆனால், அதே யன்னல் வழியாகத் தெருவில் போகின்றவரும் உள்ளே பார்க்கலாம் அல்லவா? அதனால்தான் நாம் திரைச்சீலை போடுகின்றோம். கணனித் திரையில் தோன்றும் யன்னல்களுக்கும் இது அப்படியே பொருந்தும். உங்கள் மகனோ மகளோ பல்கலைக்கழகத்தில் கணனி படித்துக்கொண்டிருக்கலாம். நீங்களே கைத்தொலைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்ப்பவராக இருக்கலாம். இரு சாராருக்கும் பயன்படக்கூடிய ஒரு வரலாறு இது.

டபிள்யூவுக்குப் பின் எக்ஸ்

1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 'அத்தீனா' என்ற பெயரில் ஒரு திட்டம் ஆரம்பமானது. ஐ.பி.எம்., டிஜிட்டல் ஆகிய இரு கம்பனிகள் அதற்குக் கைகொடுத்தன. மாணவர் எந்தக் கட்டடத்தில் எந்தக் கணனியின் முன் அமர்ந்தாலும் தமது வேலையைச் செய்ய முடிய வேண்டும் என்பதே நோக்கம். ஆனால், கணனிகளோ வெவ்வேறு வகையின. ஒன்றுக்கு எழுதிய மென்பொருள் மற்றதன் திரையில் படம் காட்டாது.

இதற்கு வழி கண்டவர்கள் ரொபர்ட் ஷைப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகிய இருவர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான 'டபிள்யூ' என்ற யன்னல் முறையை எடுத்துத் திருத்தி, 1984இல் புதியதொன்றை ஆக்கினார்கள். ஆங்கில அகரவரிசையில் டபிள்யூவுக்கு அடுத்த எழுத்து எக்ஸ் அல்லவா? அதுவே பெயராயிற்று. 1987 செப்டெம்பரில் அதன் பதினோராவது பதிப்பு வெளிவந்தது. இன்றும் பாவனையில் இருப்பது அதன் வழிவந்ததே.

வீட்டுக்காரர் யார்? விருந்தாளி யார்?

'சேர்வர்' என்றவுடன் எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய இயந்திரம்தான் நம் நினைவுக்கு வரும். எக்ஸில் இது தலைகீழ். உங்கள் முன்னால் இருக்கும் திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றைப் பொறுப்பேற்றுள்ள மென்பொருளே இங்கு சேர்வர். எங்கிருந்தோ வந்து "எனக்கு ஒரு யன்னல் தா, அதில் இந்த எழுத்தை எழுது, இந்தக் கோட்டைக் கீறு" என்று கேட்கும் மென்பொருள் 'கிளையன்ட்'. சேர்வர் வீட்டுக்காரர், கிளையன்ட் விருந்தாளி. நீங்கள் ஒரு விசையை அழுத்தினால், அதை உரிய விருந்தாளிக்கு அறிவிப்பதும் வீட்டுக்காரரே.

இதனால் விளைந்த நன்மை பெரிது. கடினமான கணிப்பு ஆய்வுகூடத்துப் பெரிய கணனியில் நடக்கும். அதன் படம் உங்கள் அறையில் இருக்கும் சிறிய கணனியில் தோன்றும். ஒரே திரையில் மூன்று யன்னல்கள் இருந்தால், அவை மூன்று வெவ்வேறு கணனிகளிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். திரையும் விசைப்பலகையும் எக்ஸ் சேர்வரும் மட்டும் கொண்ட 'எக்ஸ் டேர்மினல்' என்ற கருவிகளும் விற்பனைக்கு வந்தன. இத்தகைய பல கருவிகள் ஒரே பெரிய கணனியைப் பகிர்ந்துகொண்டன.

தொடர்ந்து வரும் இரண்டு கண்கள்

எக்ஸுடன் ஒரு விளையாட்டு மென்பொருளும் வரும். அதன் பெயர் 'எக்ஸ் ஐஸ்'. திரையின் ஒரு மூலையில் இரண்டு பெரிய கண்கள் தோன்றும். மவுஸ் எங்கே போனாலும் கண்மணிகள் அந்தப் பக்கம் திரும்பும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால், சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மவுஸ் அந்த யன்னலுக்குள் இல்லை. வேறொரு யன்னலின் மேல் நிற்கின்றது. அப்படியிருக்க, அந்தக் கண்களுக்கு எப்படித் தெரிந்தது? வீட்டுக்குள் வந்த விருந்தாளி தன் அறையில் மட்டும் இருப்பதில்லை. எல்லா அறைகளையும் பார்க்கலாம் என்பதே பதில். மவுஸின் இடத்தை மட்டுமல்ல, பக்கத்து யன்னலில் நீங்கள் எழுதும் கடவுச்சொல்லையும் ஒரு கெட்ட மென்பொருள் வாசிக்கலாம். முழுத் திரையையும் படம் பிடிக்கலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒரு சிறிய குறியில் இருந்தது. 'எக்ஸ்ஹோஸ்ட்' என்ற கட்டளையின் பின்னால் ஒரு கூட்டல் குறியை இட்டால், வலையமைப்பில் உள்ள எந்தக் கணனியும் உங்கள் திரைக்கு வரலாம். வேலை இலகுவாக முடிகின்றதே என்று பலர் அதை இட்டார்கள். தெருக்கதவைத் திறந்துவைத்துவிட்டு உறங்குவது போன்ற காரியம் அது.

பூட்டுகள் வந்த வரலாறு

முதலில் 'மேஜிக் குக்கீ' என்ற முறை வந்தது. 128 பிட் நீளமான ஓர் இரகசிய எண்ணைக் காட்டுபவருக்கு மட்டுமே கதவு திறக்கும். ஆனால், அந்த எண்ணும் திரைக்குச் செல்லும் செய்திகளும் வலையமைப்பில் மறைப்பின்றியே பயணித்தன. வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு எல்லாம் விளங்கும்.

1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் அவ்வாறே ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டன. அதன்பின் தாது யுலோனன் என்பவர் 'எஸ்.எஸ்.எச்.' என்ற மென்பொருளை எழுதினார். அது இரு கணனிகளுக்கிடையே மூடிய குழாய் ஒன்றைப் போடுகின்றது. எக்ஸ் யன்னல்களும் அதற்குள்ளால் பத்திரமாக வரலாம். இன்று பரவலாகப் பாவிக்கப்படும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எச்.' உண்மையான குக்கீயை வெளியே விடாது. தொலைக் கணனிக்குப் போலியான ஒன்றையே கொடுக்கும். நீங்கள் கேட்டால் தவிர எக்ஸ் வழியைத் திறப்பதும் இல்லை.

என்றாலும், குழாய் பாதையைத்தான் காக்கும். உள்ளே வந்துவிட்ட விருந்தாளியின் கண்களை அது கட்டாது. அதற்காகவே, 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் ஆரம்பித்த 'வேலண்ட்' என்ற புதிய முறையில், ஒரு யன்னல் மற்ற யன்னலை எட்டிப்பார்க்க இடமில்லை. இன்று பல லினக்ஸ் கணனிகளில் அதுவே எக்ஸின் இடத்தைப் பிடித்திருக்கின்றது. அங்கே, வேலண்டுக்குரிய யன்னல்களின் மேல் மவுஸ் போகும்போது அந்த இரண்டு கண்களும் அசையாமல் நின்றுவிடும்!

நமது வீட்டுக்கு

'இது படித்தவர்களின் பிரச்சினை, எனக்கென்ன?' என்று இருந்துவிடாதீர்கள். இன்று வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் தொலைபேசியில் அழைக்கின்றார். "உங்கள் கணக்கில் கோளாறு, இந்தச் செயலியைப் போடுங்கள், திரையைப் பகிருங்கள், நான் சரிசெய்து தருகின்றேன்" என்கின்றார். நீங்கள் சம்மதித்த அந்த நொடியே, வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் உட்பட உங்கள் திரையில் தோன்றுபவற்றை அவரும் பார்க்கக்கூடும். கூட்டல் குறி இட்டவர்களின் நிலைதான் இதுவும்.

ஆகவே, தானாக அழைத்தவருக்குத் திரையைக் காட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் தொடர்பைத் துண்டித்து, வங்கிப் புத்தகத்தில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள். நம்பிக்கையானவருக்கே திரையைக் காட்டினாலும், வங்கிக் கணக்கையும் குடும்பப் படங்களையும் முதலில் மூடிவிடுங்கள். வேலை முடிந்ததும் பகிர்வை நிறுத்துங்கள். கணனி படிக்கும் பிள்ளையிடம், "உன் திரைக்கு யார் யார் வரலாம் என்று பார்த்து வைத்திருக்கின்றாயா?" என்று ஒருமுறை கேளுங்கள். உம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பிள்ளை வியக்கட்டும்!

யன்னல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்காகத் திறக்கின்றோம், எப்போது மூடுகின்றோம் என்பது மட்டும் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.