தோட்டக்காரர் வெட்டிக் கொடுத்த இலைகள்

கொத்தமல்லியைப் பறிக்காமல் விட்டுவைத்தால், குடைக்கம்பி போலக் காம்புகள் விரிந்து நுனிகளில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ பூக்கும். சீரகம், சோம்பு, காரட் எல்லாம் இதே குடும்பம், எல்லாவற்றுக்கும் குடைப் பூதான். சாக்ரடீஸுக்குக் கொடுத்த ஹெம்லாக் நஞ்சும் இந்தக் குடும்பத்துச் செடிதான். ஐரோப்பாவில் அது ஓடைக்கரைகளில் தானாக முளைத்துக் கிடக்கும். தண்டில் ஊதாத் திட்டுகள் இருக்கும். இலையைக் கசக்கினால் எலி மூத்திர நாற்றம் வரும். அந்த நாற்றத்தை எந்தப் புத்தகம் சொல்லிக்கொடுக்கும்?

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவை நகரில் மருத்துவம் படித்தவர்களுக்கு இதுதான் சிக்கல். பதுவை என்றதும் நம்மவர்களுக்கு அந்தோணியார் நினைவுக்கு வருவார், அதே ஊர்தான். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மூலிகைப் பாடத்துக்கு ஆதாரம், முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடீஸ் எழுதிய நூல். கையால் பார்த்துப் பார்த்து எழுதிய படிகளில் படங்கள் உருமாறிப்போயிருந்தன. ஒரே பெயரை ஊருக்கு ஊர் வேறு வேறு செடிக்கு வைத்திருந்தார்கள். மருந்துக் கடையில் கிடைத்ததோ காய்ந்த சருகு. அது எந்தச் செடியின் சருகு என்பது கடைக்காரரின் மனசாட்சியைப் பொறுத்தது.

1533இல் மூலிகைப் பாடத்துக்குப் பேராசிரியரான பிரான்செஸ்கோ பொனாஃபேதே, உயிருள்ள செடியைக் காட்டாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது என்று கண்டு, தோட்டம் கேட்டார். 1545இல், பதுவையை அப்போது ஆண்ட வெனிஸ் குடியரசு அனுமதித்தது. அந்தோணியார் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில், துறவிமடத்து நிலத்தில் வட்டமாக ஒரு தோட்டம் எழுந்தது. அங்கே நடந்த வகுப்பின் பெயரே ‘காட்டுதல்’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல்தான். ஆசிரியர் பாத்தி பாத்தியாக நடப்பார், நின்று செடியைக் காட்டுவார். மாணவர்கள் கூடவே நடந்து பார்த்துக்கொள்வார்கள்.

அரிய மூலிகைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் திருடர்கள் சும்மா இருப்பார்களா? 1552இல் சுற்றுமதில் கட்ட வேண்டியதாயிற்று. திருடிப்போய்க் காய்ச்சிக் குடிக்கக்கூடிய பாடப்புத்தகம் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

நட்ட இடத்திலேயே இன்றும் நிற்கும் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டங்களில் இதுவே மூத்தது. 1997இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, இங்கே நிற்கும் ஒரு குட்டைப் பனையின் கதை.

1585இல் நட்ட மரம் அது. மத்தியதரைக்கடல் ஓரத்தில் வளரும் சிறு விசிறிப்பனை. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1786 செப்டம்பரில், ஜெர்மானியக் கவிஞர் கதே அதன் முன் வந்து நின்றார். தரையை ஒட்டி முளைத்த ஓலைகள் ஈட்டி முனை போல ஒற்றை இலையாக இருந்தன. அதற்கு மேல் இருந்தவற்றில் ஒரு கீறல், அடுத்ததில் இன்னும் சில, மேலே போகப் போக முழு விசிறி. கடைசியில் பாளைக்குள்ளிருந்து பூங்கொத்து. எல்லாம் ஒரே மரத்தில். கதே கேட்டுக்கொண்டதும், தோட்டக்காரர் அந்த வரிசை முழுவதையும் வெட்டிக் கொடுத்தார். பயணத்தில் இருந்த மனிதர் பெரிய அட்டைகளுக்குள் வைத்து அவற்றைச் சுமந்துகொண்டு போனார். பல ஆண்டுகள் கழித்து எழுதும்போதும் அந்த ஓலைகள் அவரிடம் பத்திரமாக இருந்தன. தோட்டக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

1790இல் தாவர உருமாற்றம் பற்றிக் கதே ஒரு சிறு நூல் வெளியிட்டார். புல்லியும் இதழும் மகரந்தத்தாளும் சூலகமும் உருமாறிய இலைகளே என்பது அதன் சாரம். கவிஞரின் கற்பனை என்று பலரும் ஒதுக்கினார்கள். ஆனால் 1991இல், கடுகுக் குடும்பத்துச் சிறு களையான அராபிடாப்சிஸ், ஸ்னாப்டிராகன் ஆகிய செடிகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். ஏ, பி, சி என்று மூன்று வகை மரபணுக்கள். ஏ மட்டும் வேலை செய்தால் புல்லி, ஏயும் பியும் சேர்ந்தால் இதழ், பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள், சி மட்டும் என்றால் சூலகம். மூன்றையும் பழுதாக்கினால்? பூ இருக்க வேண்டிய இடத்தில் அடுக்கடுக்காக இலை வருகிறது!

இதற்கு ஆய்வகம்கூட வேண்டாம், வீட்டு வாசலில் அடுக்குச் செம்பருத்தி இருந்தால் போதும். ஒற்றைச் செம்பருத்தியில் நடுவே நீளும் தண்டு நிறைய மஞ்சள் மகரந்தப்பைகள் இருக்கும். அடுக்குச் செம்பருத்தியின் நடு இதழ்களைப் பிரித்துப் பாருங்கள். சில இதழ்களின் ஓரத்தில் மகரந்தப்பை ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத்தாளாக வேண்டியது பாதி வழியில் இதழாகிப்போன கோலம் அது.

கதே அட்டையில் சுமந்த பாடம் நம் தென்னை நாற்றங்கால்காரர்களுக்குப் பழகிய ஒன்று. தென்னம்பிள்ளையின் முதல் இலைகள் பிரியாமல் ஒரே தகடாகத்தான் வரும். கீற்றாகப் பிரிவது பிறகு. சீக்கிரம் பிரிந்த கன்றுதான் நல்ல கன்று என்று பார்த்து எடுப்பார்கள்.

பனைக்கும் இதே கதைதான். நெல்லைக் கடற்கரையில் உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவர்கள், வழியில் செம்மணல் தேரியில் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம். உதிர்ந்த பனங்கொட்டை முளைத்துத் தரையில் ஒற்றை வாளாக ஓர் இலை நீட்டியிருக்கும். இரண்டடி தள்ளி நிற்கும் வடலியில் அதே இலை விசிறியாகியிருக்கும்.