27 தட்டு, 375 பவுண்டு, ஒரு வெஜிடபிள் மேன்

மக்களே, இது ராஜா பதிவும் இல்லை, ரகுமான் பதிவும் இல்லை. இங்கிலீஷ் பாட்டுன்னாலே அலர்ஜி ஆகுறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம், கோச்சுக்க மாட்டேன். பழைய ஒலிநாடாவுக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம், அதை யாரைக் கேட்டு வெளியிடணும்னு யோசிக்கிற ஆளுங்க மட்டும் கொஞ்சம் இருங்க.

விஷயம் பிங்க் ஃப்ளாய்ட். 'டார்க் சைட் ஆஃப் த மூன்' போட்டு உலகத்தையே வளைச்சுப் போட்ட பிங்க் ஃப்ளாய்ட் இல்லை. அதுக்கு முந்தின, லண்டன் கிளப்புகள்ல சுவர் மேல கலர் எண்ணெய் வெளிச்சம் ஓடவிட்டு, ஒரே சுரத்தை இருபது நிமிஷம் இழுத்துட்டிருந்த சைக்கடெலிக் காலத்து ஃப்ளாய்ட். அந்தக் காலத்துச் சரக்கை எல்லாம் மூட்டை கட்டி 2016 நவம்பர்ல ஒரு பெட்டி வந்துச்சு. பேரு 'தி இயர்லி இயர்ஸ் 1965–1972'. மொத்தம் 27 தட்டு. 12 மணி நேரத்துக்கு மேல ஒலி, 15 மணி நேரத்துக்கு மேல படம். கூடவே பழைய சிங்கிள்ஸ் அஞ்சு, அசல் மாதிரியே சின்ன ரெக்கார்டா அச்சடிச்சது. அப்புறம் போஸ்டர், டிக்கெட் நகல் மாதிரி காகித சமாச்சாரங்கள். இங்கிலாந்துல விலை சுமார் 375 பவுண்டு. அன்னிக்கு ரேட்டுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல. நம்ம ஊர்ல அந்தக் காசுக்கு ஒரு சுமாரான கல்யாணப் பட்டுப்புடவை வந்துடும்.

நான் வாங்கலை. வாங்குற நிலைமையும் இல்லை. என் ஒரு மாச வாடகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான் குடியிருக்கிற வீட்டு ஓனர் அது வெளிவந்த வாரமே வாங்கி வெச்சிருக்கார். ஓய்வு பெற்ற மனுஷர், அறுபதுகளோட கடைசியில பள்ளிக்கூடப் பையன். நாலு ஞாயித்துக்கிழமை அவர் வீட்டு முன்னறையில உட்கார்ந்து பெரும்பகுதியைக் கேட்டு முடிச்சேன். டீ அவர் செலவு.

முதல் சண்டை விலையைப் பத்தி. இல்ஃபோர்ட்ல இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருத்தர், என்னை இந்தப் பைத்தியத்துக்குள்ள இழுத்துவிட்டவரே அவர்தான், பெட்டி பேச்செடுத்தாலே பொங்கிடுவார். "உவங்கள் ஒரே சாமானை ரெண்டு தரம் விக்கிறாங்கள், தம்பி." கணக்குப் போட்டுப் பார்த்தா அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. 27-ல சிடி 10, டிவிடி 9, ப்ளூரே 8. டிவிடியில இருக்கிற அதே படங்கள்தான் ப்ளூரேயிலயும். ப்ளூரே பிளேயர் வெச்சிருக்கிறவனுக்கு அந்த ஒன்பதும் டீ கிளாஸ் வைக்கத்தான் ஆகும். ஆக, உண்மையில 18 தட்டுச் சரக்கு.

அடுத்த கூத்து 2017 மார்ச்சுல. வருஷவாரியா பிரிச்ச ஏழு தொகுதில ஆறைத் தனித்தனியா கடைக்கு விட்டாங்க. ஏழாவதான 'கன்டினியூ/ஏஷன்' மட்டும் பெட்டியோட தான். அதுலதான் பிபிசி வானொலிப் பதிவுகள், இவங்க இசையமைச்ச 'மோர்', 'லா வல்லே', 'தி கமிட்டி' படங்கள் எல்லாம் இருக்கு. உண்மையான வெறியனுக்கு எது இல்லாம தூக்கம் வராதோ அதைப் பார்த்துப் பூட்டி வெச்சிருக்காங்க. பலே வியாபாரம். இதுக்கு நடுவுல, 'மெடில்' ஆல்பத்தோட 5.1 மிக்ஸ் எந்தப் பட்டியல்லயும் இல்லாம தட்டுக்குள்ள ஒளிஞ்சு கிடந்ததை ரசிகர்கள் குடைஞ்சு கண்டுபிடிச்சது தனிக் காமெடி.

ஓனர் வாதம் வேற. இவங்க கச்சேரிகளைத் திருட்டுப் பதிவா வாங்கவே பல வருஷம் ஆயிரக்கணக்குல செலவழிச்சவர் அவர். நகலுக்கு நகலுக்கு நகல் எடுத்து, மழை பெய்யுற மாதிரி இரைச்சலோட வந்த கேசட்டுகள். "அதுக்கெல்லாம் கொடுத்ததைக் கூட்டினா இந்தப் பெட்டி மலிவு" என்கிறார். இதுவும் சரிதான்!

சரி, ஐம்பது வருஷம் அலமாரியில தூங்கின நாடாக்களுக்குத் திடீர்னு ஏன் விமோசனம்? ரசிகர்கள் மேல பாசமும் கொஞ்சம் இருக்கலாம். ஆனா பின்னாடி ஒரு சட்டம் நிக்குது. 2011-ல ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலத்தை 50 வருஷத்துலேர்ந்து 70-ஆ நீட்டுச்சு. ஒரு கொக்கியோட. பதிவு செஞ்சு 50 வருஷத்துக்குள்ள வெளியிடாத நாடாவுக்கு இந்த நீட்டிப்பு கிடையாது. யார் வேணா போட்டு விக்கலாம். உடனே கம்பெனிகள் முழிச்சுக்கிட்டாங்க. பாப் டிலனோட 1962 பதிவுகளை 2012 கடைசியில வெறும் நூறு பிரதி மாதிரி போட்டு "வெளியிட்டாச்சு"ன்னு கணக்கு காட்டினாங்க. பீட்டில்ஸோட 1963 சரக்கு 2013 டிசம்பர்ல ஐடியூன்ஸ்ல வந்துச்சு. ஃப்ளாய்டும் அதே வழி: 1965-ல பதிஞ்ச ஆறு பாட்டை 2015 நவம்பர்ல 1050 பிரதி மட்டும் அச்சடிச்சாங்க. அதே ஆறும் இந்தப் பெட்டியோட முதல் சிடியில இருக்கு. 2021 டிசம்பர்ல 1970–71 கச்சேரிகள் ஒரு டஜன், விளம்பரமே இல்லாம ஸ்ட்ரீமிங்ல ஏறினதும் இதே கதைதான்.

நாடாக்களோட தரம் எப்படின்னா, கலவை சாதம். 1967 செப்டம்பர் ஸ்டாக்ஹோம் கச்சேரியில கிட்டார் இடிக்குது, ட்ரம்ஸ் இடிக்குது, பாடுறவர் குரலைத் தேட வேண்டியிருக்கு. ஜான் லாதம்ங்கிற ஓவியரோட படத்துக்காக வாசிச்ச அரை மணி நேர இரைச்சலை ஒன்பது துண்டாப் போட்டிருக்காங்க. முழுசாக் கேட்டவனுக்குக் கோயில் கட்டலாம். நான் நாலாவதுல எந்திரிச்சு டீ போடப் போயிட்டேன். ஆனா 1969 ஆம்ஸ்டர்டாம் கச்சேரி அருமை. 'தி மேன் அண்ட் தி ஜர்னி'ன்னு ஒரு மனுஷனோட ஒரு நாளை இசையாக்கின நிகழ்ச்சி. அந்த நிகழ்ச்சிக்காக மேடையிலயே மரம் அறுத்து, ஆணி அடிச்சு, நடுவுல உட்கார்ந்து டீ குடிச்சவங்க இவங்க. அதே வருஷம் ஜூலையில நிலாவுல மனுஷன் இறங்கின ராத்திரி பிபிசி ஸ்டூடியோவுல நேரலையா வாசிச்ச 'மூன்ஹெட்'டும் இருக்கு.

இப்போ நான் எழுத வந்த விஷயம்.

முதல் தொகுதியோட பேரு 'கேம்பிரிட்ஜ் ஸ்டே/ஷன்'. நான் படிக்கிறது இந்த ஊர்ல தான். குழுவை ஆரம்பத்துல தோள்ல தூக்கிச் சுமந்த ரோஜர் கீத் பாரட், அதாவது சிட் பாரட், இந்த ஊர்ப் பையன். இப்போ ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகமா மாறியிருக்கிற கல்லூரியில ஓவியம் படிச்சவர். அவருக்குப் பதிலா பின்னாடி வந்த டேவிட் கில்மோரும் அங்கே படிச்சவர்தான். 1967-ல முதல் ஆல்பத்துல பெரும்பாலான பாட்டு பாரட் எழுதினது. அதே வருஷக் கடைசிக்குள்ள ஆள் உடைஞ்சு போயிட்டார். மேடையில ஒரே சுரத்தை மீட்டிட்டு நிப்பார், இல்லேன்னா வாசிக்கவே மாட்டார். எல்எஸ்டியா, மனநோயா, ரெண்டுமான்னு இன்னிக்கு வரைக்கும் விவாதம் ஓடுது. 1968 ஏப்ரல்ல அவர் விலகினதா அறிவிச்சாங்க.

அந்த உடைஞ்ச மாசங்கள்ல, 1967 அக்டோபர்ல, பதிவான பாட்டு 'வெஜிடபிள் மேன்'. தான் போட்டிருக்கிற சட்டை, காலணி, தலைமுடின்னு ஒவ்வொண்ணா எண்ணிட்டு, கடைசியில தன்னையே ஒரு காய்கறியா அறிவிச்சுக்கிறார். முதல் தடவை கேட்டப்போ நான் சிரிச்சேன். ரெண்டாவது தடவை சிரிப்பு வரலை. அந்தக் குரல்ல கிண்டல் எவ்வளவு, உதவிக்குக் கூப்பிடுறது எவ்வளவுன்னு பிரிக்க முடியலை. அவரோட இருந்தவங்களுக்கே அதைக் கேட்கச் சங்கடமா இருந்திருக்கு. குழு 49 வருஷம் அதை வெளியிடலை. ஆனா திருட்டுப் பதிவா ஊரெல்லாம் சுத்துச்சு. 1984-லயே 'ஜீசஸ் அண்ட் மேரி செயின்' தங்களோட முதல் சிங்கிள்ல பின்பக்கத்துக்கு அதைப் பாடிட்டாங்க. அசல் முறைப்படி வெளிவந்தது இந்தப் பெட்டியில தான்.

பாரட் 2006 ஜூலை 7-ல, 60 வயசுல, இதே கேம்பிரிட்ஜ்ல இறந்து போனார். அதுக்கு முந்தின கால் நூற்றாண்டும் இங்கேதான்: படம் வரையறது, தோட்டம், சைக்கிள்ல கடைக்குப் போறது. சிட்ங்கிற பேரையே விட்டுட்டு பழையபடி ரோஜர் ஆயிட்டார். பழைய கதையைக் கிளறினா அவருக்கு ஆகாதுன்னு குடும்பம் வெளிப்படையாவே சொல்லியிருக்கு. அப்படியும் கதவைத் தட்டின ரசிகர்கள் உண்டு. போன பிறகு அவர் சைக்கிள், ஓவியம், வீட்டுச் சாமான் எல்லாம் ஏலத்துல போச்சு.

இந்த இடத்துலதான் ஓனருக்கும் இல்ஃபோர்ட் அண்ணருக்கும் நிஜமான சண்டை. போன்ல ஸ்பீக்கர் போட்டு நடந்த சண்டை, நடுவுல நான். விலையில கொள்ளைன்னு கத்தின அண்ணர் இதுல வெளியீட்டுப் பக்கம்: "அது அந்த மனுசன்ர பாட்டு. நல்லா இருக்கேக்குள்ள எழுதினது மட்டும்தான் அவர்ர பாட்டோ?" விலை கொடுத்து வாங்கின ஓனரோ அந்த ஒரு பாட்டை மட்டும் தாண்டிப் போயிடுறார். கேட்டா, உடம்பு சரியில்லாத ஒருத்தர் வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்காம். இந்த ஊர்ல அவரைச் சைக்கிள்ல பார்த்து, பேசாம தலையைத் திருப்பிக்கிட்டு வழி விட்டவங்கள்ல இவரும் ஒருத்தர்.

நான் அண்ணர் கட்சி. முழு மனசோட இல்லை, ஆனாலும் அவர் கட்சி. ஏன்னா, வெளியிடாம இருந்த காலத்துலயும் பாட்டு மறைஞ்சு இருக்கலை. கெட்ட நகலா, "பைத்தியம் பாடின பாட்டு"ங்கிற லேபிளோட சுத்திட்டிருந்தது. சுத்தமான நாடாவுல கேட்கும்போது தான் அது எவ்வளவு கச்சிதமா கட்டின பாட்டுன்னு தெரியுது. நடுவுல தாளம் உடைஞ்சு கேலிப் பாட்டா மாறி மறுபடி திரும்புற இடம் தற்செயல் கிடையாது. ட்ரம்மர் நிக் மேசன் 2018-ல ஆரம்பிச்ச 'சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' குழு இதை மேடையிலயே வாசிச்சு, 2020-ல வந்த 'ரவுண்ட்ஹவுஸ்' நேரடி ஆல்பத்துலயும் சேர்த்திருக்கு. அன்னிக்கு அந்த அறையில இருந்த ஒருத்தர் அதை ஒரு பாட்டா மதிச்சு வாசிக்கிறார். எனக்கு அது போதும். ஆனா அதை 375 பவுண்டுப் பெட்டிக்குள்ள கவர்ச்சிப் பொருளா வெச்சதை மட்டும் என்னால ஜீரணிக்க முடியலை. ஓனர்கிட்ட இதைச் சொன்னேன். "அதனாலதான் தாண்டிப் போறேன்"னார். மடக்கிட்டார் மனுஷர்.

இந்தப் பேரம் இன்னும் முடியலை. பெட்டியில ஏற்கனவே வாங்கின பாம்பேய் படத்தை 2025 மே மாசம் ஸ்டீவன் வில்சன் மிக்ஸோட மறுபடியும் வித்தாங்க. ஓனர் அதையும் வாங்கிட்டார், அண்ணர் தலையில அடிச்சுக்கிட்டார்.

புதுசாக் கேட்கப் போறவங்க பெட்டி பக்கமே போக வேண்டாம். 1971 தொகுதியை மட்டும் தேடிப் பிடிங்க. முதல்ல 'நத்திங், பார்ட் 14'னு ஒரு துண்டு வரும். 'எக்கோஸ்'னு ஒரு மகா பாட்டு உருவாகுறதுக்கு முன்னாடி, என்ன செய்றதுன்னே தெரியாம நாலு பேரும் பதிஞ்சு பார்த்த துணுக்குகள்ல ஒண்ணு. அப்புறம் அதே தட்டுல செப்டம்பர் 30 பிபிசி கச்சேரியில முழு 'எக்கோஸ்'. ராத்திரி, விளக்கை அணைச்சுட்டு, ஹெட்போன்ல. நடுவுல வர்ற கடற்பறவைக் கூச்சல் கில்மோரோட கிட்டார் தான், வீட்ல யாரும் பயப்பட வேண்டாம்.