கூழை அலசும் கணக்கு

சோப்பு நீர் ஒரு லிட்டர் ஊறிய துணி ஒன்று. அலச வாளியில் 10 லிட்டர் தண்ணீர். மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றிக் கலக்கி எடுத்தால், சோப்பில் 11-இல் ஒரு பங்கு துணியிலேயே தங்கிவிடும். அதையே ஐந்தைந்து லிட்டராக இரண்டு தடவை ஊற்றினால், தங்குவது 36-இல் ஒரு பங்குதான். காகித ஆலைகளின் கூழ் கழுவும் பகுதி முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

மரச்சில்லையோ கரும்புச் சக்கையையோ காரத்தில் வேகவைத்தால், நார்களைப் பிணைத்திருந்த லிக்னின் கரைந்து கன்னங்கரேலென்று பிரியும். ஆலைக்காரர்கள் அதை பிளாக் லிக்கர் என்பார்கள். கழிவென்று எண்ண வேண்டாம். சுண்டக் காய்ச்சி எரித்தால் கொதிகலனுக்கு அதுவே எரிபொருள். அடியில் உருகி வழியும் உப்பிலிருந்து சோடாவும் திரும்பக் கிடைக்கும். கூழோடு ஒட்டிப்போகும் லிக்கரால் சோடாவும் போகும், வெளுப்பதற்கான குளோரின் டை ஆக்சைடும் கூடுதலாகச் செலவாகும்.

நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடலாமே என்றால், விட்டதெல்லாம் லிக்கரில்தான் சேரும். பிறகு நீராவி செலவழித்து அதை விரட்ட வேண்டும். அதனால்தான் எதிரோட்டம். கூழை அலசும் டிரம்கள் வரிசையாக நிற்கும்; சுத்தமான வெந்நீர் கடைசி டிரம்மில் மட்டும் விழும். அங்கே வடிந்தது முந்தைய டிரம்முக்கு, அதில் வடிந்தது அதற்கும் முந்தையதற்கு. கூழ் முன்னே போக, நீர் பின்னே வருகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

டிரம்மின் வலை மேல் கூழ் ஒரு பாய்போலப் படியும். மேலிருந்து தூவும் நீர் லிக்கரோடு கலக்காமல் அதை அப்படியே கீழே தள்ள வேண்டும். பாய் ஓரிடத்தில் மெலிந்திருந்தால் நீர் அந்த வழியாக ஓடிவிடும், மற்ற இடம் அழுக்காகவே நிற்கும். நுரையில் சிக்கிய காற்றுக் குமிழிகளும் வடிகாலை அடைக்கும். வெந்நீர் லிக்கரை இளக்கும் என்றாலும், 85 டிகிரியை நெருங்கினால் டிரம்முக்குள் இருக்கும் வெற்றிடத்தில் நீர் கொதித்து, உறிஞ்சும் விசை குலையத் தொடங்கும்.

கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் பயன்படுத்தும் கரும்புச் சக்கையில் இன்னொரு தொல்லை. சக்கைக்குள் உள்ள பஞ்சுபோன்ற பித் நீரை வடியவிடாது. அதை வேகவைக்கும் முன்பே பிரித்தெடுக்க வேண்டும்.

டிரம்மிலிருந்து 12 சதவீத நாரோடு வரும் கூழில், ஒரு டன் நார் சுமார் 7.3 டன் நீரைச் சுமந்துவரும். இரட்டை உருளை பிரஸ்ஸில் 30 சதவீதம் வரை பிழிந்தால் அது 2.3 டன்னாகக் குறையும். பிரஸ் வாங்க வசதியில்லாத ஆலைகள் ஷவர் துளைகளில் எத்தனை அடைத்திருக்கின்றன என்று முதலில் பார்க்கட்டும். நீர் விழாத அந்தப் பட்டைகளில் கூழ் அலசப்படாமலேயே அடுத்த டிரம்முக்குப் போய்க்கொண்டிருக்கும்.