பின்சுழலும் ஒரு கலைச்சொல்லும்

கலைச்சொல் ஒரு கருத்துக்குப் பெயரிடுவதோடு அதன் எல்லையையும் காட்டுதல் வேண்டும். எல்லை தெளிவுறாவிடில் நேரும் இடர்க்கு விமானத் துறையிலிருந்து ஒரு சான்று காண்போம்.

விமானம் பறக்கையில் இறக்கையின் கீழே காற்றழுத்தம் மிகுதி, மேலே குறைவு. ஆகவே, கீழ்க்காற்று இறக்கை நுனிகளைச் சுற்றி மேலேறிச் சுருள்கிறது; எதிரெதிராகச் சுழலும் இரு சுழல்கள் விமானத்தின் பின்னே நீள்கின்றன. இதனைப் ‘பின்சுழல்’ எனலாம். எடை மிகுந்து வேகம் குறைந்திருக்கும்போது சுழல் வலுப்பெறும். நிலத்தைவிட்டு எழும் வேளை அத்தகையது. சுழல் பொதுவாகக் கண்ணுக்குப் புலப்படாது. மெல்லக் கீழிறங்கிச் சில நிமிடங்கள் நிலைக்கும். எனவேதான், பெரிய விமானத்தின் பின்னே எழும் விமானத்துக்கு இடைவெளி விடப்படுகிறது.

2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திலிருந்து டொமினிக்கன் குடியரசுக்குப் புறப்பட்டது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587. முன்னே சென்ற போயிங் 747இன் பின்சுழலை அது இருமுறை எதிர்கொண்டது. இடைவெளி விதிப்படியே இருந்தது; சுழலும் அத்துணைக் கடுமையானதன்று. ஆயினும், இரண்டாம் முறை துணை விமானி சுக்கானை இடமும் வலமுமாக மாறி மாறி முழுமையாகத் திருப்பினார். சில நொடிகளில் அந்த ஏர்பஸ் ஏ300இன் செங்குத்து வால் முறிந்து பிரிந்தது. விமானத்திலிருந்த 260 பேரும் தரையிலிருந்த ஐவரும் உயிரிழந்தனர்.

சுக்கானைத் தேவையின்றி மிகையாக இயக்கியதே விபத்துக்குக் காரணம் என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004இல் முடிவு செய்தது. சுக்கான் அமைப்பின் தன்மையும் நிறுவனப் பயிற்சியின் சில கூறுகளும் துணைக்காரணங்களாயின.

ஆய்வில் சொல் தொடர்பான உண்மை ஒன்றும் வெளிப்பட்டது. விமானவியலில் ‘கையாள் வேகம்’ எனத்தக்க கலைச்சொல் ஒன்றுண்டு. அவ்வேகத்துக்குக் கீழே சுக்கானை எவ்வாறு திருப்பினும் விமானம் தாங்கும் என்றே விமானிகள் பலர் கருதியிருந்தனர். பொறியாளர் கொண்ட பொருள் வேறு. ஒரு திசையில் ஒருமுறை முழுமையாகத் திருப்புவதை மட்டுமே அது குறித்தது. மாறி மாறித் திருப்புதல் அதனுள் அடங்காது. சொல் ஒன்றே; கொண்ட பொருள் இரண்டு. பின்னர், 2010இல் திருத்தப்பட்ட அமெரிக்க விதி, இவ்வெச்சரிக்கையை விமானக் கையேட்டில் வெளிப்படையாகக் கூறப் பணித்தது.

ஆசிரியர்களே, மாணவர்களே! புதிய கலைச்சொல்லைக் கற்கும்போது, ‘இஃது எதைக் குறிக்கிறது?’ என்று வினவுகிறோம். ‘எதைக் குறிக்கவில்லை?’ என்றும் உடன் வினவிப் பழகுவோமாக.